அங்கியைக் கழற்றாத ஆயர்

போன மாதம் பேராயர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். சட்டப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஆயர்கள் மேல் எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை உத்தரவுகளை இனி மெயிலில் அனுப்பினால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்களாம். முதல் உத்தரவிலேயே தகராறு. வாங்க வேண்டிய ஆயர், மெயில் வரவே இல்லை என்கிறார்.

“ஸ்பேம்ல போயிருக்கும்னு சொல்றாரு மேடம். உங்க காலத்துல நேரா கையில கொண்டுபோய்க் கொடுப்பீங்களாமே? அப்பல்லாம் இந்தப் பிரச்சினையே இருந்திருக்காது இல்ல?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண் மேல் இல்லை. எங்கள் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று யார் இவளுக்குச் சொன்னது? ஓய்வு பெற்றவர்கள் சபைப் பத்திரிகையில் எழுதுவதைப் படித்திருக்கிறேன். எல்லாரும் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஆரம்பித்து, தங்கள் காலத்தைப் புகழ்ந்து முடிக்கிறார்கள். நன்றியை நான் ஜெபத்தில் சொல்லிக்கொள்கிறேன். இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலிக்கன் வழியில் வந்த திருச்சபை. ஒவ்வொரு சபைக்கும் ஓர் ஆயர், எல்லா ஆயர்களுக்கும் மேலே பேராயர். ஆயர் தப்பு செய்தால் விசாரிக்கத் திருச்சபைக்கென்று தனிச் சட்டம் உண்டு. தண்டனையிலும் படிகள் உண்டு. எச்சரிக்கை, அதற்கு மேல் கண்டனம், அதற்கு மேல் கொஞ்ச காலம் ஊழியத்திலிருந்து நீக்கம், கடைசியாகப் பட்டம் பறிப்பு. இவை தவிர, விசாரணை முடியும் வரை பீடத்தில் ஏறி ஆராதனை நடத்தக்கூடாது என்று இடைக்காலத் தடையும் போடலாம். இந்த உத்தரவுகளை டைப் அடிப்பதும், அடித்ததைக் கொண்டுபோய் உரியவர் கையில் கொடுப்பதும் என் வேலை.

டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். ஆயர்களின் குற்றங்களைப் படிக்க மற்ற பெண்கள் கூச்சப்பட்டதால் என்னைச் சட்டப் பிரிவில் போட்டார்கள். உத்தரவு கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. “ஜெபசீலியே போகட்டும்” என்றார்கள். போனேன். வாசலில் என்னைப் பார்த்தாலே ஆயர்களின் முகம் மாறும். கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால்கூட, “என்ன சிஸ்டர், எனக்கு ஒண்ணும் கொண்டுவரலையே?” என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழகவே இல்லை.

என் மேலதிகாரி துரைசிங் சார். பேராயத்தின் சட்ட ஆலோசகர். திருநெல்வேலிக்காரர், ஹைகோர்ட் வக்கீல். சாயங்காலம் கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டோடு வந்து உட்காருவார். காபி, டீ எதுவும் கிடையாது, வெந்நீர்தான். நான் அடித்த உத்தரவை மனதுக்குள் படிக்க மாட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து வாய்விட்டுப் படிப்பார். கூடுதலாக ஒரு சொல் இருந்தாலும் பேனா அங்கே நிற்கும்.

“‘வெட்கக்கேடான நடத்தை’. இது என்னம்மா, பிரசங்கமா? அவன் என்ன செஞ்சான், எந்த விதிப்படி அது தப்பு, என்ன தண்டனை. அவ்வளவுதான் நமக்கு. வெட்கப்படறது அவன் வேலை.”

தப்பு பெரிதாக இருந்தால் தாளை நான்காகக் கிழித்துத் தானே குப்பைக்கூடையில் போடுவார். மறுபடி அடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம்.

உத்தரவு கொடுக்கும் முறையையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த வீட்டில் உட்காரக்கூடாது. தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்க வேண்டும். அந்தச் சபையின் அங்கத்தினர் இரண்டு பேர் சாட்சியாக நிற்க வேண்டும், புகார் கொடுத்தவர்களின் சொந்தக்காரர்கள் அதில் சேர்த்தி இல்லை. ஆயர் வாங்க மறுத்தால் சாட்சிகள் காதில் விழ உத்தரவை உரக்கப் படித்துவிட்டால் போதும், கொடுத்த மாதிரிதான். சாட்சிகள் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்து உத்தரவு அமலுக்கு வரும்.

“இன்னொண்ணு. அங்கியில இருக்கும்போது கொடுக்கக்கூடாது. அங்கி போட்டிருந்தா அவர் ஊழியத்துல இருக்காருன்னு அர்த்தம். கழட்டற வரைக்கும் காத்திரு.”

அங்கி என்பது ஆயர்கள் ஆராதனையில் போடும் கால்வரை நீண்ட வெள்ளை உடுப்பு.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துச் சபை. அங்கிருந்த வயதான ஆயருக்குப் பட்டம் பறித்த உத்தரவைக் கொண்டுபோனேன். பட்டம் பறித்தால் உத்தரவிலேயே பெயருக்கு முன்னால் வரும் ‘அருட்திரு’ போய்விடும், ‘திரு’ மட்டும்தான். அவர் தாளை வாங்கினார், முதல் வரியைப் படித்தார், அதற்குக் கீழே படிக்கவில்லை.

“இனிமே என்னை எப்படிக் கூப்பிடுவே?” என்றார்.

“ஐயான்னுதான்” என்றேன்.

அவர் செய்தது தப்பு. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே இன்னொரு கல்யாணம். ஆனால் நின்று வாங்கிக்கொண்டார். அந்த மரியாதையையாவது எல்லாரும் காட்டுவார்கள் என்று நான் நினைத்திருந்த காலம் அது.

இனி ஷீபாவின் கதைக்கு வருகிறேன்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு பெரிய சபை. அங்கே ஆயர் பிரபாகர். நல்ல பேச்சு, நல்ல குரல், இளைஞர் கூட்டம் அவர் பின்னால் நின்றது. ஷீபா அந்தச் சபையில் கீபோர்டு வாசித்தவள், நாவலூரில் ஒரு ஐ.டி. ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். பாட்டுப் பயிற்சி முடிந்ததும் ஆயர் அவளை மட்டும் ஆலோசனை என்று வெஸ்ட்ரிக்குக் கூப்பிடுவார். வெஸ்ட்ரி என்பது கோயிலை ஒட்டி ஆயர் அங்கி மாற்றும் அறை. உள்ளே போனதும் கதவைச் சாத்துவார், தோளில் கை வைப்பார். கை தோளோடு நிற்கவில்லை. அவள் தட்டிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வாரம் கீபோர்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவள் பேராயருக்குப் புகார் எழுதினாள்.

புகார் கொடுத்த நேரத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை உண்டா என்று கேட்க வேண்டும். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. புகார் விஷயம் தெரிந்ததும் மூன்றாவது ஓலையை வாசிக்க மாட்டேன் என்றார் பிரபாகர். புகாரைத் திரும்ப வாங்கு, வாசிக்கிறேன். இது பேரம்.

பேராயரின் விசேஷ அனுமதி வாங்கினால் ஓலை இல்லாமலும் கல்யாணம் செய்யலாம். அதற்கும் அதே ஆயரின் பரிந்துரை வேண்டும். தள்ளிப்போடவும் வழி இல்லை. கல்யாணம் திங்கட்கிழமை, புதன்கிழமை சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்து ஆரம்பம். லெந்து நாட்களில் எங்கள் கோயில்களில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரை தள்ளினால் மாப்பிள்ளை வீட்டார் நிற்பார்களா? ஏற்கெனவே செங்கல்பட்டிலிருந்து போன் மேல் போன், பெண்ணைப் பற்றி என்னவோ பேச்சு அடிபடுகிறதே என்று.

அந்த வாரம் ஷீபா அம்மாவோடு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மாதான் பேசினார்.

“கல்யாணத்த முடிச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லுங்கம்மா இவகிட்ட. புகார வாபஸ் வாங்கினா இந்த ஞாயிறே ஓலை படிச்சிருவாரு.”

“அப்புறம்னா எப்பம்மா?” என்றாள் ஷீபா. “வாபஸ் வாங்கினா நான் பொய் சொன்னேன்னுதானே அர்த்தம்? அப்புறம் யார் நம்புவா?”

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கலாமே” என்றேன். ஒரு வழியாவது சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னேன்.

“பண்ணிக்கலாம்தான் அக்கா. ஞானஸ்நானம் வாங்கின கோயில் அது. எங்கப்பாவ அங்கதான் அடக்கம் பண்ணோம். நான் எதுக்கு வெளிய போகணும்? தப்பு பண்ணவர் போகட்டும்.”

பேராயர் தயங்கிக்கொண்டே இருந்தார். துரைசிங் சார்தான் அந்த ஓலை விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். புகார் கொடுத்தவளைக் கல்யாணத்தை வைத்து மிரட்டுகிறார், இதற்கு மேல் இவரைப் பீடத்தில் விடக்கூடாது என்று எழுதினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேராயர் இடைக்காலத் தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பிரபாகருக்குப் பதில் ஞானமணி என்ற மூத்த ஆயர் பொறுப்பு ஏற்க வேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் உத்தரவு பிரபாகர் கைக்குப் போய்விட்டால் ஞானமணி ஐயா மூன்றாவது ஓலையை வாசிப்பார். போகாவிட்டால் பீடம் பிரபாகருடையது.

சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினேன். எங்கள் தெரு முருகனின் ஆட்டோவை நாள் முழுக்கப் பேசிக்கொண்டேன். பிரபாகர் வீட்டுக்குப் போனபோதே அவர் அங்கியில் இருந்தார். அடக்க ஆராதனைக்குக் கிளம்புகிறாராம். சரி, சாவு வீடு. காத்திருந்தேன். கல்லறையிலிருந்து அங்கியோடு காரில் ஏறினார். நாவலூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். நாங்கள் பின்னாலேயே போனோம். ஜெபம் முடிந்தது, பிரியாணியும் அங்கியோடு. அங்கிருந்து ஆஸ்பத்திரி, நோயாளிகளுக்கு ஜெபம். அங்கேயும் அங்கி. எந்த ஆயரும் ஆஸ்பத்திரிக்கு அங்கி போட்டுக்கொண்டு போவதில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆள் முன்னொரு காலத்தில் எங்கள் விசாரணை மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். எங்கள் வழக்கம் எல்லாம் இவருக்கு அத்துப்படி. எங்கள் ஆபீசிலிருந்து யாரோ நேற்றே போன் செய்து சொல்லியிருக்கிறார்கள்.

வெயில் தாங்கவில்லை. முருகனுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னாக்கா சொல்றே? அந்த டிரஸ்ஸ கழட்டாத வரிக்கும் நீ குடுக்க மாட்டியா?”

“மாட்டேன்.”

“அவரு கழட்டவே மாட்டேன்னா?”

“காத்திருக்கணும்.”

“இது இன்னாக்கா ரூலு? போலீஸ்காரன் யூனிபாம்ல கீறான்னு அவன புடிக்கமாட்டாங்களா? அந்தாளு உள்ள வெந்துகினு கீறாரு பாரு, முதுகெல்லாம் தண்ணி. அவருக்கே பாவமா கீது.”

“எனக்குப் பாவமா இல்ல. நீ ஓட்டு.”

சாயங்காலம் ஆயர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பிரபாகர் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அங்கியோடு. தட்டில் முறுக்கு. பக்கத்தில் சபைக் கமிட்டிச் செயலர் ஜெயக்குமார், அவருக்கு வலது கை.

“வெயில்ல ரொம்ப அலைஞ்சுட்டீங்க போல, சிஸ்டர். உள்ள வாங்க, காபி குடிங்க” என்றார் பிரபாகர்.

“வேணாம் ஐயா.”

“ஆமா, குடிக்கக்கூடாது இல்ல? துரைசிங் சொல்லியிருப்பாரு. ரூல்னா ரூல்தான். நீங்க உங்க ரூல்ல நில்லுங்க, நான் என் டியூட்டில இருக்கேன்.”

ஜெயக்குமார் சிரித்தார். “முறுக்காவது எடுத்துக்கங்க மேடம். முறுக்குக்கு ரூல் இல்லையே.”

ஆயரின் மனைவி மெர்சி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ராத்திரியும் இதையே போட்டுக்கிட்டுப் படுக்கப்போறீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி ஆட்டோ. போகும் வழியில் துரைசிங் சாருக்குப் போன் போட்டேன்.

“சார், அவர் அங்கியைக் கழட்ட மாட்டார். இப்ப நேரா வெஸ்ட்ரிக்குப் போறேன். எனக்கு ஒண்ணு தெரியணும். அங்கியில் கொடுக்கக்கூடாதுங்கறது எந்த விதியில் இருக்கு?”

வெந்நீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“விதியில இல்லம்மா. வழக்கம்.”

“சட்டமா, வழக்கமா?”

“வழக்கம்னு சொல்லிட்டேனே.”

“அப்ப கொடுக்கட்டுமா?”

“நான் ஒண்ணும் சொல்லலை.”

அவரிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான். அடுத்தவர் தாளில் ஒரு சொல் கூடினால் கிழிப்பார். தன் வாயிலிருந்து வேண்டிய ஒரு சொல் வராது. போனை வைத்துவிட்டேன்.

வெஸ்ட்ரியில் நல்ல கூட்டம். பாடகர் குழு வரிசையில் நின்றது. பிரபாகர் அங்கி மேல் கழுத்திலிருந்து தொங்கும் துணிப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜெயக்குமார் கதவுப் பக்கம். மெர்சி தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்றார். ஞானமணி ஐயா தன் அங்கியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷீபாவும் அம்மாவும் கோயிலுக்குள்ளே மூன்றாவது வரிசையில் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் உறையைப் பிரித்தேன்.

“சிஸ்டர், நான் அங்கியில் இருக்கேன்” என்றார் பிரபாகர். இன்னும் சிரிப்பு இருந்தது.

“பாத்துட்டுத்தான் இருக்கேன் ஐயா.” முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னேன். “நீங்கள்தானா?”

“இது முறை இல்ல.”

“நீங்கள்தானா?”

அவர் வாங்கவில்லை. நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புகார், விதி எண், தடை, பொறுப்பு ஆயர் பெயர். கடைசி வரியை முடித்தபோது வெளியே முதல் மணி அடித்தது.

“சாட்சிக் கையெழுத்து இல்லாம இது செல்லாது” என்றார் ஜெயக்குமார். பாடகர் குழுவைப் பார்த்துத் திரும்பினார். “ஒருத்தரும் பேனாவத் தொடக்கூடாது. தொட்டா கமிட்டி சும்மா இருக்காது.”

யாரும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷீபாவோடு நின்று பாடியவர்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கம் தேடினார். அந்த முகங்கள் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் மன்னிக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், கீழ்க்குரல் பாடுகிறவர்.

“இன்னாபா இது, ஒரு கையெழுத்துக்கு இம்மாம் பேஜாரா? அந்தம்மா படிச்சுது, என் காதுல வுழுந்துச்சு. அதத்தானே எழுதப்போறேன்? கமிட்டி என் பென்ஷன நிறுத்துமா? குடும்மா இங்க.”

ஒன்று ஆயிற்று. இன்னொன்று வேண்டும். மணி நின்றுவிட்டது. அடுத்த மணிக்கு ஆயர் பீடத்துக்குப் போக வேண்டும்.

மெர்சி பாட்டிலை மேசையில் வைத்தார்.

“எங்க போடணும்?”

எனக்குப் புரியவில்லை. “அம்மா?”

“நானும் இந்தச் சபை அங்கத்தினர்தானே. இல்ல, ஆயர் பொண்டாட்டின்னா அதுவும் இல்லையா?”

“மெர்சி” என்றார் பிரபாகர். அந்தக் குரலில் பிரசங்கம் இல்லை.

“நான் உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. படிச்சாங்க, கேட்டேன். அவ்வளவுதான் இதுல இருக்கு.” கையெழுத்துப் போட்டார். டீச்சர் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: “கழட்டுங்க. நேத்திலிருந்து போட்டிருக்கீங்க.”

பிரபாகர் கழற்றினார். உள்ளே பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை.

ஆராதனையில் ஞானமணி ஐயா ஓலையை வாசித்தார். தடை உண்டானால் இப்போதே தெரிவிக்கலாம் என்றதும் ஜெயக்குமார் எழுந்தார். ஷீபாவின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தடை இருக்கு.”

“என்ன தடை?” என்றார் ஞானமணி ஐயா. “ரெண்டு பேர்ல யாருக்காவது ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?”

“இல்ல. அந்தப் பொண்ணு ஊழியக்காரர் மேல…”

“ரத்த உறவா?”

“அதில்லைங்க ஐயா…”

“வயசு பத்தலையா?”

ஜெயக்குமார் திரும்பிக் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார்.

“அப்ப தடை இல்ல. உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அறிவிப்புகளின் அடுத்த வரிக்குப் போனார் ஐயா. திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை, ஆபீஸ் இருந்தது.

இங்கே முடித்துவிட்டால் அழகாகத்தான் இருக்கும். முடியவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு விசாரணை மன்றம் உட்கார்ந்தது. மூன்று பேர், மூவரும் ஆண்கள். ஷீபாவை நிற்க வைத்துக் கேட்டார்கள். கதவைச் சாத்தும்போது ஏன் சும்மா இருந்தாய்? அடுத்த வாரமும் பயிற்சிக்கு ஏன் போனாய்? கல்யாணம்தான் நல்லபடி நடந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்? அதையெல்லாம் எழுதிக்கொண்டது நான்தான். பிரபாகரை உட்கார வைத்துக் கேட்டார்கள்.

குற்றம் நிரூபணம் என்றுதான் தீர்ப்பு. தண்டனை, கண்டனமும் இடமாற்றமும். ‘நீண்டகால ஊழியத்தைக் கருத்தில் கொண்டு’ என்று ஒரு வாக்கியம். நான் அடித்த தாளைத் துரைசிங் சார் விரல் வைத்துப் படித்தார். அந்த வாக்கியத்தில் பேனா நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை.

“இது மட்டும் பிரசங்கம் இல்லையா சார்?”

“தீர்ப்பு அவங்க எழுதினதும்மா. நான் ஒண்ணும் சொல்லலை.”

பட்டம் பறித்தால்தான் உத்தரவைச் சபையில் வாசிப்பார்கள். கண்டனத்தை வாசிப்பதில்லை. பேராயர் தன் அறையில் வாசிப்பார், ஆயர் தலைகுனிந்து கேட்பார், முடிந்தது. புதிய சபைக்கு இடமாற்றக் கடிதம் மட்டும் போகும். ஏன் மாற்றினார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கையில் கொடுத்தால் என்ன, மெயிலில் அனுப்பினால் என்ன? தெரிய வேண்டியவர்களுக்கு இரண்டிலும் போய்ச் சேர்வதில்லை. போன் செய்த பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான்.

புகார் கொடுத்தவருக்கும் ஒரு நகல் உண்டு. நாவலூரில் ஷீபா ஆபீசுக்கு வெளியே ஒரு டீக்கடையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“கண்டனம்னா என்னக்கா? திட்டுவாங்களா?”

“திட்டக்கூட மாட்டாங்க.”

“எங்க மாத்தியிருக்காங்க? அது இதுல இல்ல.”

அதைச் சொல்லக்கூடாது. சொன்னேன். “ஊரப்பாக்கம். நான் போற சபைதான்.”

“அங்க பாடகர் குழு இருக்கா?”

“இருக்கு.”

“பொண்ணுங்களா?”

“பாதிக்கு மேல.”

தாளை மடித்துப் பையில் வைத்தாள். “அவரோட முதல் ஞாயிறு எப்ப?” என்று கேட்டாள்.

அந்த ஞாயிறு அவள் தன் கணவரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மெர்சி டீச்சர் ஊரப்பாக்கத்துக்கு வரவில்லை, தாம்பரத்திலேயே தங்கிவிட்டார். பிரபாகர் நன்றாகத்தான் பிரசங்கம் செய்தார். ஷீபாவைப் பார்த்த பிறகு ஒரு இடத்தில் வசனம் தப்பியது. பிறகு திருவிருந்து. எல்லாரும் வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன்னால் இருக்கும் கிராதியில் முழங்கால்படியிட்டுக் கையை நீட்டுவோம், ஆயர் அப்பத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போவார். வேண்டாதவர்கள் எழுந்து போகவே மாட்டார்கள். போய் முழங்கால்படியிட்ட பிறகு வாங்காமல் இருந்தவரை நான் பார்த்ததே இல்லை.

ஷீபா போனாள், முழங்கால்படியிட்டாள். நான் அவளுக்கு இரண்டு பேர் தள்ளி. பிரபாகர் அப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் முன் வந்து நின்றார். அவள் கையை நீட்டவில்லை. தலையும் குனியவில்லை. இரண்டு கையையும் கிராதி மேல் மூடி வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்ல வேண்டிய வாசகத்தை ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். ஆர்மோனியம் வாசித்த பெண் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கோயில் முழுக்கப் பார்த்தது. கடைசியில் அப்பத்தைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். என் முறை வந்தது. நானும் கையை மூடிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் பைக் நிறுத்தும் இடத்தில் எங்கள் சபைப் பெண்கள் ஷீபாவைச் சூழ்ந்துகொண்டார்கள். காலேஜ் படிக்கும் மகளைப் பாடகர் குழுவில் சேர்த்திருந்த ஒரு அம்மா அவள் கையைப் பிடித்தார்.

“ஏம்மா, முன்னால வந்து முட்டி போட்டுட்டு வாங்காம வந்துட்டியே? என்ன விஷயம்?”

சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை ஷீபா இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க ஆன்ட்டி” என்றாள். “பொண்ணையும் கூப்பிடுங்க. சொல்றேன்.”